இருபதாவது இழை

தாம்பாளத்தில் ஒன்று மிஞ்சி எரிந்துகொண்டிருந்தது.

பத்தொன்பது பேர் இழை எடுத்தாகிவிட்டது. சங்கு ஊதிய பங்காளி சங்கைக் கீழே வைத்துவிட்டு, பணியாரம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். கடைசியாகத் தன் இழையை வாயில் போட்டுக்கொண்ட என் மாமனார், வாயைத் துடைத்துக்கொண்டே தாம்பாளத்தைக் குனிந்து பார்த்தார்.

"இது யாருக்கு?" என்றார்.

நெய்த்திரி மட்டும் சடசடவென்று பொரிந்தது. அதைப் பிடித்து வைத்தவள் நான். எனக்கு அப்போது பதினெட்டு வயது. அந்த வீட்டின் இளைய மருமகள். என் கணவர் பர்மாவுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். நோன்பு என்றால் என்ன, இழை என்றால் என்ன என்று சொல்லாவிட்டால் வெளியூர்க்காரர்கள் முழிப்பீர்கள்.

ஒரு கோபக்கார வாசகர்

அதற்கு முன்னால் ஒரு சங்கதி. போன வாரம் காரைக்குடித் தேரோட்டத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு ஒரு வாசகர் காரமாகக் கடிதம் போட்டிருக்கிறார். "பக்தி இல்லாத உங்களைப் போன்றவர்கள் திருவிழாவுக்கு ஏன் போகிறீர்கள்?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். எனக்குப் பக்தி கொஞ்சம் கம்மி. நான் அதை மறைத்ததே கிடையாது.

ஆனால் பக்திக்காக மட்டும் யார் போனார்கள் என்று நானும் கேட்கலாம் இல்லையா? எங்கள் தெருவில் ஒருத்தி புது அட்டிகை செய்தால்தான் தேர் பார்க்கப் போவாள். என் சிறிய தகப்பனார் ஒருவர் தேவகோட்டையில் எந்த விசேஷம் என்றாலும் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அங்கே அவருக்கு ஒரு சம்பந்தி இருந்தார். அவரோடு சண்டை போட வேறு சாக்கு கிடைக்காது. மஞ்சுவிரட்டில் மாட்டைப் பிடிக்கப் போகிறவனை நிறுத்தி "எதுக்கடா போறே?" என்று கேட்டால், "எங்கப்பன் போனான்" என்பான். அவன் அப்பனுக்கு அதிலேதான் கால் போயிருக்கும்.

இதையெல்லாம் நான் கேலியாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நானும் போனவள்தான். ஏன் போனேன் என்று எனக்குத் தெரிந்தது அந்த ஒரு தாம்பாளத்தால்.

இருபத்தொரு நூல்

காரைக்குடிப் பக்கத்து எங்கள் ஆட்களுக்குப் பிள்ளையார் நோன்பு பெரிய விசேஷம். திருக்கார்த்திகை முடிந்த மறுநாளிலிருந்து தினம் ஆளுக்கு ஒரு நூலாகப் புது வேட்டியிலிருந்து உருவி வைப்போம். இருபத்தொரு நாள், இருபத்தொரு நூல். கடைசி நாள் அவற்றைத் திரித்தால் ஒரு திரி. பச்சரிசி மாவில் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்து, சின்னதாகப் பிடித்து, அதன் தலையில் இந்தத் திரியைச் செருகினால் அதுதான் இழை.

மார்கழியில், விளக்கு வைத்த பிறகு, ஆவாரம்பூவெல்லாம் வைத்து அலங்கரித்த பிள்ளையாருக்கு முன்னால் வீட்டார் எல்லோரும் கூடுவோம். மூத்த ஆண் இழையை எரிய எரிய எடுத்துக் கொடுப்பார். வாங்கியவர் அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்.

சுடாதா என்று கேட்பீர்கள். சுடும். வாயைச் சட்டென்று மூடினால் அணைந்துவிடும். யோசித்தால் உதடு போய்விடும்.

தலைக்கு ஒரு இழை. பர்மாவில் இருப்பவர்கள் அதே நாளில் அங்கே எடுத்துக்கொள்வார்கள், அவர்களுக்கு இங்கே கணக்கில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு மட்டும் இரண்டு, வயிற்றில் இருப்பதற்கும் சேர்த்து. கைக்குழந்தைக்கு உள்ளதையும் தாய்தான் எடுப்பாள்.

இன்னொன்றும் உண்டு. ஏற்றிய இழையை ஊதி அணைக்கக் கூடாது, எரிந்து தீரவும் விடக் கூடாது. யார் வாய்க்குள்ளாவது போயாக வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். ஆகுமா ஆகாதா என்று பரீட்சை செய்து பார்க்க எங்கள் வீட்டில் யாருக்கும் தைரியம் வந்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

எத்தனை?

எங்கள் மாமனார் மருமக்களோடு பேச மாட்டார். கோபமில்லை, வழக்கம். வீட்டில் ஆளுக்கொரு அடுப்பு. மகன் கல்யாணமானதும் வேறு வைத்துவிடுவார்கள். அவர் முற்றத்துக்கு வந்தால் நாங்கள் தூணுக்குப் பின்னால். வருஷத்தில் ஒரே ஒரு வார்த்தை எங்களிடம் நேராகப் பேசுவார். நோன்பன்று தாம்பாளத்தை வைத்துக்கொண்டு, "எத்தனை?" என்பார்.

"ஒண்ணு மாமா" என்போம். அவ்வளவுதான் வருஷப் பேச்சு.

எண்ணிக்கையில் மனிதர் கெட்டி. கோயிலில் எங்கள் ஆட்களுக்கு வரிக்கும் பங்குக்கும் புள்ளிக் கணக்கு உண்டு. கல்யாணமான ஆண் ஒரு புள்ளி. புருஷனை இழந்தவள் அரைப் புள்ளி. பெண் பிள்ளைக்குப் புள்ளியே இல்லை. அவள் போகிற வீட்டில் அவள் புருஷன் புள்ளி. எங்கள் வீட்டில் மாமனாரின் அண்ணன் மனைவி இருந்தார்கள். நாங்கள் பெரிய அயித்தை என்று கூப்பிடுவோம். இளம் வயதிலேயே தாலி இழந்தவர்கள், நாக்கு மட்டும் நல்ல நீளம்.

"நான் அரையாளுடி. கோயில்ல பாதிச் சோறு போட்டாப் போதும்னு சொல்லுவாக. நோன்புக்கு மட்டும் முழு இழை தாராக, பாத்தியா? பிள்ளையாருக்கு அரைக்கணக்குத் தெரியாதுபோல!" என்று சொல்லிவிட்டு அவர்களே சிரித்துக்கொள்வார்கள். அப்போது எனக்கு அது வெறும் வாயாடித்தனமாகத்தான் பட்டது.

உண்ணாமலை ஆச்சி

மூத்த மருமகள் உண்ணாமலை. எனக்கு ஓர்ப்படியாள், அக்கா முறைக்கு நான் ஆச்சி என்றுதான் கூப்பிடுவேன். இருபத்தாறு வயது, கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. இரண்டு தடவை தங்கி, இரண்டு தடவையும் போய்விட்டது. இரண்டாவது தடவை நோன்பன்று அவள் இரண்டு இழை எடுத்திருந்தாள். தை பிறந்ததும் கலைந்துவிட்டது. "இழை எடுத்தும் தங்கலையே" என்று தெருவே ஒரு வருஷம் பேசியது. துக்கம் கேட்க வந்தவர்கள்கூட அதைச் சொல்லிவிட்டுத்தான் வெற்றிலை போட்டார்கள்.

அந்த வருஷம் அவள் கணவர் ஆவணியில் பர்மாவிலிருந்து வந்திருந்தார். அடுத்த பயணத்துக்கு முன்னால் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று மாமனார் நினைத்தார். காரியம் என்றால் சுவீகாரம்; எங்கள் பக்கத்தில் பிள்ளை கூட்டுவது என்பார்கள். பங்காளி வீட்டில் ஒரு பையன் பேசியாகிவிட்டது. தையில் நாள். பையனுக்குப் பத்தொன்பது வயது, மீசை முளைத்தாயிற்று. தாய்க்கும் பிள்ளைக்கும் ஏழு வயது வித்தியாசம். எங்கள் பக்கத்தில் இதில் அதிசயம் ஒன்றும் கிடையாது.

நோன்புக்கு இரண்டு நாள் முன்னால் கொல்லைக் கிணற்றடியில் ஆச்சியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆச்சி, நீங்க போன மாசம் மூணு நாள் ஒதுங்கி உக்காந்தீக. துணியே அலசலையே?"

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "யார்ட்டயும் சொல்லிப்புடாதடி. நாள் தள்ளிப் போயிருக்கு, ரெண்டு மாசமா. தெரியக் கூடாதுன்னுதான் பொய்யா ஒதுங்கி உக்காந்தேன்."

"நல்ல சேதிதானே! அப்ப நோன்புக்கு ரெண்டு பிடிக்கிறேன்."

"வேண்டாம். ஒண்ணே பிடி."

"தையில பிள்ளை கூட்டிருவாக ஆச்சி."

"தெரியும். ரெண்டு எடுத்து மறுபடியும் போச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்தத் தெருவுல நடக்க?" என்றாள். வாளியை இறக்கிவிட்டு, இழுக்காமல் நின்றாள். "எடுக்காம விட்டா அதுக்குத் துரோகம். எடுத்தா எனக்குப் பயம். நீ ஒண்ணே பிடி."

நான் இருபது பிடித்தேன்.

ஏன் என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அவள் கடைசி நேரத்தில் மனசு மாறினால் இருக்கட்டும் என்று நினைத்தேன். இருபத்தொரு நூலை அந்த நேரத்தில் உருவித் திரிக்க முடியுமா? மாறாவிட்டால் திரியைப் பிடுங்கிவிட்டு மாவோடு மாவாகப் பிசைந்துவிடலாம். ஆனால் நான் பொரித்தட்டை எடுக்கப் போய்த் திரும்புவதற்குள், பெரிய அயித்தை எல்லாத் திரியையும் ஏற்றிவிட்டார்கள்.

மாமனார் கொடுத்துக்கொண்டே வந்தார். உண்ணாமலை ஆச்சியிடம் வந்தார்.

"எத்தனை?"

"ஒண்ணு மாமா."

வாங்கிப் போட்டுக்கொண்டு தூணோரம் போய் நின்றுவிட்டாள்.

இது யாருக்கு?

இப்போது ஆரம்பித்த இடத்துக்கு வந்துவிட்டோம். தாம்பாளத்தில் ஒன்று எரிகிறது. திரி பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது.

"யாரு பிடிச்சது? சிகப்பி, நீதானே?" என்று பெரிய அயித்தை ஆரம்பித்தார்கள். "பத்தொம்பதுக்கும் இருபதுக்கும் வித்தியாசம் தெரியாத கழுதையில்ல நமக்கு வந்து வாச்சிருக்கு!"

மாமனார் கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினார். "எண்ணத் தெரியாத புள்ளை இல்லை அது" என்றார். என்னைப் பார்த்து, "யாருக்குத்தா இது?" என்று கேட்டார்.

அந்த வீட்டுக்கு வந்த மூன்று வருஷத்தில் அவர் என்னோடு பேசிய நீளமான வாக்கியம் அதுதான். உண்ணாமலை ஆச்சியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். சரி, ஒரு கவளம் மாவுதானே, விழுங்கிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றியது.

"எனக்கு மாமா" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. ஒரு பெண்பிள்ளை இரண்டாவது இழை கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம். என் புருஷன் கடலுக்கு அந்தப் பக்கம், போய் இரண்டு வருஷம். கூட்டத்தில் ஒருத்தி விரல் விட்டு எண்ணவே ஆரம்பித்துவிட்டாள்.

"அடிப் பாவி!" என்று பெரிய அயித்தை தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

மாமனார் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பூமி பிளந்து உள்ளே போக மாட்டோமா என்பார்களே, அது கதையில்லை. எனக்கு அன்று அப்படித்தான் இருந்தது.

"அது என்னுது மாமா."

உண்ணாமலை ஆச்சி தூணை விட்டு முன்னால் வந்துவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகத் தாம்பாளத்துக்கு முன்னால் நின்றாள்.

"அவளுக்குப் பொய் சொல்லக்கூடத் தெரியலை. அது எனக்கு உள்ளது. எம் பிள்ளைக்கு உள்ளது."

கொடுக்கட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. கையால் எடுத்துப் போட்டுக்கொண்டாள். திரி மாவைத் தொடுகிற அளவுக்கு எரிந்திருந்தது. கீழ் உதட்டில் கொப்புளம் கிளம்பிவிட்டது. பொங்கல் வரைக்கும் ஆறவில்லை.

மாமனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மூத்த மகனைப் பார்த்து, "தையில வச்சதக் கொஞ்சம் தள்ளி வையி" என்றார். அவருடைய ஆனந்தக் கண்ணீர் அவ்வளவுதான். பணியாரம் வந்தது. கூட்டம் சாப்பிட உட்கார்ந்தது.

மறுநாள் காலையில் அவளிடம், "என் மானத்தக் காப்பாத்திட்டீக ஆச்சி" என்றேன்.

"ஒன் மானமா?" என்றாள், உதட்டை அசைக்க முடியாமல். "நீ வாயத் தொறக்குறதுக்கு முந்தியே எங் கால் நகந்துருச்சு. அது பாட்டுக்கு எரிஞ்சு தீருறதப் பாத்துக்கிட்டு நிக்க முடியலடி."

அடுத்த மார்கழி

பிள்ளை தங்கியது. ஆனியில் பிறந்தது. பெண்.

பிரசவம் இரண்டு நாள் இழுத்தது. இனிமேல் இவளுக்குப் பிள்ளை இல்லை என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். மாமனார் வாசலில் நின்று, "தாய் சுகந்தானே?" என்று கேட்டார். சுகம் என்றோம். குழந்தையைப் பார்க்கக் கேட்காமல் போய்விட்டார். கெட்ட மனிதர் இல்லை. அவர் கணக்கில் வீட்டுக்கு ஒரு புள்ளி கூடவில்லை, அவ்வளவுதான்.

தள்ளி வைத்த காரியத்தை ஆவணியில் எடுத்து நடத்தி, பிள்ளை கூட்டிவிட்டார்கள். மேளம் வைத்து, ஊரைக் கூட்டி, நூறு இலைக்கு மேல் விழுந்தது. மீசை வைத்த பிள்ளை உண்ணாமலை ஆச்சியை "ஆத்தா" என்று கூப்பிட்டுவிட்டுத் தானே வெட்கப்பட்டான். பாவம், நல்ல பையன். அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. இரண்டு மாதக் குழந்தை உள்ளே தூளியில் கிடக்கிறது, அதற்காக ஒரு மேளமும் வாசிக்கவில்லையே என்று எரிந்தது.

ஆச்சி அழவில்லை. மாமனாருக்கு முன்னால் வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். மருமக்கள் எப்போதுமே அவர் முன்னால் வருவதில்லை என்பதால் அவருக்கு அது தெரியவே இல்லை.

மார்கழி வந்தது. மாமனார் வழக்கம்போல் எண்ணிக்கை சொல்லி அனுப்பினார். "இருபத்தொண்ணு."

நான் எண்ணிப் பார்த்தேன். போன வருஷத்துப் பத்தொன்பது. என் கணவர் பர்மாவிலிருந்து வந்துவிட்டார், அவரோடு இருபது. கூட்டிய பிள்ளையோடு இருபத்தொன்று. அத்தோடு நிறுத்திவிட்டார். என் சங்கதி அவருக்குத் தெரியாது, அதை விடுங்கள். தூளியில் கிடந்து ஊரைக் கூட்டுகிறதே ஒன்று, அது அவர் காதில் விழாமலா இருக்கும்?

இருபத்துமூன்று பிடித்தேன். இந்தத் தடவை திரி ஏற்றுகிறவரைக்கும் தாம்பாளத்தை விட்டு நகரவில்லை.

சங்கு ஊதினார்கள். மாமனார் வரிசையாகக் கொடுத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"எத்தனை?"

"ரெண்டு மாமா."

ஒரு நிமிஷம் என்னை உற்றுப் பார்த்தார். "ம். இந்த வருஷம் ஆளு ஊர்ல இருக்கான்" என்றார்.

வளவில் கூடியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். என் கணவர் காதுவரை சிவந்து போனார். பெரிய அயித்தை சிரித்த சிரிப்பில் பொரித்தட்டு கவிழ்ந்துவிட்டது.

அடுத்தது உண்ணாமலை ஆச்சி. இடுப்பில் குழந்தை.

"எத்தனை?"

"ரெண்டு."

சிரிப்பு நின்றுவிட்டது. மருத்துவச்சி சொன்னது ஊருக்கே தெரியும். மாமனார் குழம்பிப்போய், அவருக்குப் பழக்கமில்லாத காரியமாக, இன்னொரு கேள்வி கேட்டார்.

"வயித்துலயா?"

"இல்லை மாமா. மடியில."

திரி எரிந்துகொண்டிருந்தது. குழந்தை வெளிச்சத்தைப் பிடிக்கக் கையை நீட்டியது. உண்ணாமலை ஆச்சி அதன் கையை மடக்கிப் பிடித்துக்கொண்டாளே தவிர, ஓர் அடி பின்னால் போகவில்லை.

முதல் இழையை எடுத்துக் கொடுத்தார். அவள் போட்டுக்கொண்டாள். இரண்டாவதை எடுத்தார், கொடுக்கவில்லை.

"இங்குட்டுக் கொண்டா" என்றார்.

குழந்தையை அவர் பக்கம் திருப்பினாள். பிறந்து ஆறு மாதம் கழித்து அன்றுதான் அதன் முகத்தை அவர் பார்த்தார். இழையின் அடியில் எள்ளளவு மாவைக் கிள்ளி அதன் நாக்கில் வைத்தார். அது முகத்தைச் சுளித்து, அவர் கைமேலேயே துப்பியது. துடைத்துக்கொள்ளாமல் எரிகிற இழையைத் தாயிடம் நீட்டினார். அவள் வாங்கி விழுங்கினாள்.

கோயிலில் அந்தக் குழந்தைக்குப் புள்ளி கிடையாது. பெரிய அயித்தைக்கு அங்கே பாதிதான். எனக்கும் அங்கே தனியாக ஒன்றும் இல்லை. இந்தத் தாம்பாளத்தில் மட்டும் எல்லோரும் ஆளுக்கு ஒன்று. கடிதம் போட்ட வாசகர் இதை என் பதிலாக எடுத்துக்கொள்ளலாம். பக்தி அப்போதும் எனக்குக் கம்மிதான்.

எல்லோரும் எடுத்து முடிந்தது. மாமனார் தன் இழையையும் போட்டுக்கொண்டு தாம்பாளத்தைக் குனிந்து பார்த்தார். காலி.

"நான் இருபத்தொண்ணுன்னுல்ல சொல்லிவிட்டேன்?" என்றார்.

"ஆமா மாமா. நீங்க ரெண்டை எண்ண விட்டுட்டீக."

பெரிய அயித்தை என் தொடையில் கிள்ளினார்கள். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பணியாரத்துக்கு உட்காரப் போனார்.

அடுத்த மார்கழியில் எண்ணிக்கை வரவில்லை. எத்தனை பிடிக்க என்று ஆள் விட்டுக் கேட்டேன். "சிகப்பிய எண்ணிக்கிடச் சொல்லு" என்று பதில் வந்தது.